ஏழாம் பாறைப் புழுக்கள்

ஜூன் 2, திங்கள்

விடியுமுன் எழுந்து மீன் தொட்டி வேலை முடித்தேன். ஆவியாகிப் போனதற்கு ஈடாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். உப்பு அளவு சரி. சூடு இருபத்தைந்தரை டிகிரி. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து நாளையோடு பதினோரு வாரம். இந்த நாலடிக் கண்ணாடிக் கடல் என் தலையில் விழுந்தும் பதினோரு வாரம். ஏழு வருஷமாக ஹாலில் இருக்கிறது. அதுவரை கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்ததோடு என் பங்கு முடிந்துவிடும்.

தொட்டி விளக்கு எட்டு மணிக்குத்தான் தானாக எரியும். மீன்களை எண்ணலாம் என்று டார்ச் அடித்தேன். வலது கோடிப் பாறையில், காசு அளவில் பழுப்பு வட்டங்களாகப் பவளம் பூத்திருக்கிறதே, அதன் அடியில் ஒரு பொந்து. அதிலிருந்து ஏதோ நீண்டு வந்துகொண்டிருந்தது. இளஞ்சிவப்பு. கம்பளி நூல் தடிமன், என் நடுவிரல் நீளம். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக மயிர். வெளிச்சம் பட்டதும் நூலை யாரோ உள்ளேயிருந்து இழுத்த மாதிரி போய்விட்டது.

புழு எனக்குப் புதிதில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. காலையில் பத்து மல மாதிரி டப்பா திறந்தால் ஒன்றிரண்டில் புழுவோ முட்டையோ இருக்கும். உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி. பார்த்த மாத்திரத்தில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆனால் அவை கண்ணாடித் தகட்டில் செத்துக் கிடப்பவை. சோபாவுக்கு மூன்றடி தள்ளி உயிரோடு நெளிவது வேறு சமாசாரம்.

 

ஜூன் 3, செவ்வாய்

இன்று மூன்று. அதே பாறை.

ஜூன் 4, புதன்

இவரிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்பதெல்லாம் இவருக்குப் புரிகிறது. சொல்ல வரும்போது வார்த்தை இடம் மாறிவிடுகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் “ஜன்னல்” என்பார். என்னை ஒருநாள் “பேருந்து” என்று கூப்பிட்டார். நான் சிரித்தேன், அவரும் பாதி முகத்தால் சிரித்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், “ஆமா, இல்லைன்னு பதில் வர்ற மாதிரியே கேளுங்க. அவசரப்படுத்தாதீங்க” என்று சொல்லியிருக்கிறாள்.

அப்படியே கேட்டேன். “என்னங்க, அந்தப் பாறையில புழு இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?”

“ஆமா.”

“நல்லதா?”

“ஆமா.”

“கெட்டதா?”

“ஆமா.” தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். களைத்துவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

காலைச் சிற்றுண்டி முடிந்ததும் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கித் தொட்டித் தண்ணீருக்குள் விட்டார். அந்தக் கையில் உணர்ச்சி இல்லை. சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று வந்து நகக்கண்ணைக் கொத்திச் சுத்தம் செய்யும். அதைப் பார்ப்பதில் இவருக்கு அவ்வளவு சந்தோஷம். கை கிடக்கும் இடத்துக்கும் அந்தப் பொந்துக்கும் ஒரு ஜாண்கூட இல்லை.

ஜூன் 6, வெள்ளி

ஒன்றைப் பிடித்துவிட்டேன். விடியற்காலையில் நீளமான இடுக்கியோடு காத்திருந்து இழுத்தேன். பாதி அறுந்து வந்தது. அறுந்ததும் நெளிந்தது, உள்ளே இருந்ததும் நெளிந்திருக்கும். டப்பாவில் போடும்போது ஆள்காட்டி விரலில் பட்டுவிட்டது. பட்டது தெரியவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து விரல் பற்றி எரிந்தது. கண்ணாடிப் பஞ்சைத் தொட்ட மாதிரி, கண்ணுக்கே தெரியாத முட்கள்.

பரிசோதனைக்கூடத்தில் மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரம் நுண்ணோக்கியில் வைத்தேன். வளையம் வளையமாக உடம்பு. ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு பக்கமும் ஒரு கொத்து முள். கண்ணாடி ஊசிகளைக் கட்டுக் கட்டாகச் செருகி வைத்த மாதிரி. அழகாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பெரிய டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். “எந்த பேஷன்ட்?”

“பேஷன்ட் இல்ல டாக்டர். எங்க வீட்டுத் தொட்டி.”

“அப்பாடா” என்றார். “கடல் புழு. மனுஷன் உடம்புல வாழாது, போங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

வாழாது, சரி. கடிக்காதா? விஷம் இருக்காதா? கைக்குறிப்பில் ‘இனம் தெரியவில்லை’ என்று எழுதினேன். இந்த வேலைக்கு வந்த பிறகு இந்த இரண்டு வார்த்தையை நான் எழுதிய ஞாபகமில்லை.

ஜூன் 7, சனி

விரல் வீங்கிவிட்டது. எனக்கு வலித்ததால் எனக்குத் தெரிந்தது. இவர் கையில் குத்தினால்? குத்திப் புண்ணாகிச் சீழ் பிடித்தாலும் இவருக்குத் தெரியாதே.

இன்றிலிருந்து தொட்டியில் கை விட வேண்டாம் என்று சொல்லி, மேல்மூடியைப் பூட்டிவிட்டேன். இவர் முக்காலியில் அப்படியே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். இறால் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து வந்து போனது.

ஜூன் 9, திங்கள்

இணையத்தில் தேடியிருக்கக் கூடாது. தேடிவிட்டேன்.

பாறைக்குள்ளேயே வருஷக்கணக்காக ஒளிந்து வளரும் புழு இருக்கிறதாம். ஒரு முழம், இரண்டு முழம்கூட வளருமாம். கத்தரிக்கோல் மாதிரி தாடை. தூங்குகிற மீனை இரண்டாக வெட்டி இழுத்துக்கொண்டு போகுமாம். ஒருவர் தன் தொட்டியைப் பிரித்தபோது வெளியே வந்ததைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். பாம்பு என்றுதான் நினைத்தேன்.

படித்துவிட்டு ஹாலுக்கு வந்து மீன்களை எண்ணினேன். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி இருக்கிறதே, அதில் பெரியதைக் காணோம். பம்புக்குப் பின்னால், வடிகட்டிக்குள், தொட்டிக்கு அடியில் தரையில் எல்லாம் தேடினேன். ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. எதுவோ தின்றிருக்கிறது. முழுசாகத் தின்றிருக்கிறது.



ஜூன் 10, செவ்வாய்

இவர் ஜோடியில் மிச்சமான சிறியதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது தாங்கவில்லை.

ஜூன் 11, புதன்

இவருடைய தொட்டி நோட்டுகள் நினைவுக்கு வந்தன. நில அளவைத் துறையில் முப்பது வருஷம் இருந்தவர் இல்லையா, வீட்டு அலமாரியைக்கூட அளந்து வரைபடம் போட்டு வைப்பார். ஏழு வருஷத்துக்கு ஆறு நோட்டு. கடைசி நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே தொட்டியின் படம், பாறைகளுக்கு எண். புழு இருப்பது ஏழாம் பாறை.

உள்ளே புழு என்ற வார்த்தையே இல்லை. எல்லாம் பட்டப்பெயர். “மாமனார் இன்றும் வெளியே வரவில்லை.” “சண்டைக்காரி புதுத் தோல் போட்டாள்.” “நகராட்சி இன்று சுறுசுறுப்பு. மிச்சம் மீதி இல்லை.” “நகராட்சிக்கு ஆள் கூடிவிட்டது, தீனியைக் குறைக்க வேண்டும்.” மாமனார் யார், நகராட்சி எது என்று நான் எங்கே போய்க் கேட்பது? கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார். சொல்ல முடியாமல் இருக்கிறார்.

நானும் ஒரு பட்டியல் தொடங்கினேன்.
முதல் வகை: முள் புழு, இளஞ்சிவப்பு. குறைந்தது எட்டு.
இரண்டாவது: கண்ணாடியில் துருக் கறை போலச் சப்பையாக ஒட்டியிருப்பவை. தொட்டால் நகர்கின்றன. எண்ண முடியாது.
மூன்றாவது: குண்டூசித் தலை அளவில் வெள்ளைச் சுருள். உள்ளே உயிர் இருக்கிறதா?
நான்காவது: மீனைத் தின்றது. இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

வளர்ப்பு மீன்கடைக்கு ஃபோன் செய்தேன். கடைக்காரர் ஊரில் இல்லை. கடையைப் பார்த்துக்கொள்கிற அவர் தம்பி, “புழுவா? பாறையை எடுத்துக் கழுவிட்டுப் போடுங்கக்கா, சரியாயிடும்” என்றார். கழுவினால் போகிற ஜென்மமா அது?

மகளிடம் ஃபோனில் சொன்னேன். “அம்மா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நீதானே சொல்லுவ. அப்பா ஏழு வருஷம் அதுக்குள்ள கை விட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு?”

“அப்ப அவருக்குக் கையில உணர்ச்சி இருந்துச்சுடி.”

 “லீவு கெடைக்குமான்னு பார்க்கறேம்மா” என்றாள். நான் அதற்காகச் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் எதைக் கண்டு பயந்தாலும் ஒரே வழிதான். கொதிக்க வைப்பது. கொதித்த பிறகு எந்தப் பெயராக இருந்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமை ஏழாம் பாறையை எடுத்துவிடப் போகிறேன்.

ஜூன் 14, சனி

இவரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்று சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“ஏழாம் பாறையை வெளிய எடுத்து வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வைக்கப் போறேங்க. எல்லாம் செத்துரும். அப்புறம் நீங்க தாராளமா கை விடலாம்.”

முகம் வெளுத்துவிட்டது. “கூரை” என்றார். “கூரை, கூரை. வேணா… கூரை!” இடது கையால் தன் சட்டையைப் பிடித்து இழுத்தார். கழுத்துப் பொத்தானைப் பிடித்து இழு இழு என்று இழுத்தார்.

“புழுங்குதா?” என்று கேட்டு இரண்டு பொத்தானைக் கழற்றிவிட்டு மின்விசிறியை வேகமாக வைத்தேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். திரும்பவும் மூன்றாவது பொத்தானைப் பிடித்தார். அதையும் கழற்றினேன்.

அப்போது கத்தினார் பாருங்கள், வார்த்தையே இல்லாமல். பன்னிரண்டு வாரத்தில் அப்படிக் கத்தியதில்லை.

நானும் கத்திவிட்டேன். “என்ன பண்ணச் சொல்றீங்க என்னை? உங்களுக்கு அந்தத் தொட்டிதான் பெருசு. நான் தனியா எத்தனையைப் பார்ப்பேன்? வேலைக்குப் போவேனா, உங்களைப் பார்ப்பேனா, இந்தப் புழுவோட மல்லுக்கட்டுவேனா? ஒரு வார்த்தை சரியாச் சொல்ல முடியல, கத்த மட்டும் முடியுதா?”

சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று பொத்தானும் திறந்தபடி.

மன்னிப்புக் கேட்கப் போனேன். தூங்குவது போலக் கிடந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 15, ஞாயிறு

காலை 10.20. இவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பாறையைப் பெரிய பாத்திரத்தில் போட்டாயிற்று. அடுப்பறை ஜன்னலைச் சாத்திவிட்டேன், நாற்றம் மேல்வீட்டுக்குப் போக வேண்டாமென்று. பழுப்புப் பவளங்கள் சுருங்கிவிட்டன. பொந்திலிருந்து புழுக்கள் விழுந்தன. பதினான்கு எண்ணினேன். நாலாம் வகை, அந்தத் தாடைப் புழு, இல்லவே இல்லை.

10.45. கொதிக்கிறது. ஆவி கண்ணைக் கரிக்கிறது. வாயில் ஒரு மாதிரி சுவை. பழைய செப்புக் காசைச் சப்பின மாதிரி. தண்ணீர் குடித்தும் போகவில்லை. இருமல். ஏன் குளிர்கிறது

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி. இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. மகள் நோட்டைக் கொண்டுவந்து தந்தாள். மேலே அரைகுறையாக நின்றுபோன வரியை அப்படியே விட்டுவிட்டேன்.

நடந்ததில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். நெஞ்சைச் சுற்றி யாரோ பெல்ட்டைப் போட்டு இறுக்கின மாதிரி இருந்தது. அடுப்பை அணைக்க எழுந்தேன், கால் வரவில்லை. சிமெண்டுத் தரை கன்னத்தில் குளிர்ச்சியாகப் பட்டது நினைவிருக்கிறது. பிறகு இவருடைய நாலுகால் கைத்தடி டக் டக்கென்று வரும் சத்தம். வராதீங்க என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. எனக்கும் வரவில்லை!

மற்றதெல்லாம் மேல்வீட்டுத் தையல்காரம்மா சொன்னது. இவர் அடுப்பை அணைத்திருக்கிறார். என்னை இழுக்கப் பார்த்திருக்கிறார், ஒற்றைக் கையால் எப்படி முடியும்? ஆவி வெளியேறட்டுமென்று அடுப்பறைக் கதவைச் சாத்தாமல், நேராக வாசலுக்குப் போய் எங்கள் வீட்டு அழைப்பு மணியையே விடாமல் அழுத்தியிருக்கிறார்.

“எந்தப் பிள்ளைங்க விளையாடுதுன்னு திட்டத்தாங்க இறங்கி வந்தேன்” என்றாள் அந்தம்மா. “பார்த்தா சார் நிக்கறாரு. மூச்சு வாங்குது. உள்ள கையைக் காட்டறாரு. நான் ஓடப் போனேன், ஒரு ஈரத்துண்டைத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. அப்புறம்தான் பார்த்தேன், தன்னோட சட்டைக் காலரை மூக்குக்கு மேல இழுத்து விட்டிருக்காரு. சரி, கட்டிக்கச் சொல்றாருன்னு கட்டிக்கிட்டுப் போய் உங்களைக் காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்.”

ஆம்புலன்ஸ் வந்த பிறகும் இவர் ஏறவில்லையாம். அலமாரியைக் காட்டிக்கொண்டே நின்றாராம். அந்தம்மா மருந்துப் பெட்டியை எடுத்தாள், இல்லை. ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்தாள், இல்லை. “கூரை, கூரைன்னு கத்தறாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.” கடைசியில் நோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறாள். மூன்றாவது நோட்டைப் பார்த்ததும் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டாராம்.

இங்கே முதலில் கேஸ் கசிவு என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு நுரையீரல் காய்ச்சல் என்று. என் நாடி தாறுமாறாக ஓடியிருக்கிறது. டாக்டர் இவரைக் கேட்கிறார், இவர் எதையோ சொல்கிறார், யாருக்கும் விளங்கவில்லை. அப்போது இவர் உட்கார்ந்து நோட்டைத் தரையில் போட்டு, பக்கம் நகராமல் கைத்தடிக் காலால் அழுத்திக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு தாளாகப் புரட்டியிருக்கிறார். மகள் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. சிவப்பு மையில் இரண்டு கோடு.

“பாறை 7-இல் ‘பொத்தான்’ வைத்தேன். பழுப்பு. அழகு. ஆனால் கடைக்காரர் எச்சரிக்கை: கடும் விஷம். தொட்டால் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்கக் கூடாது. ஆவியே ஆளைக் கொல்லும். வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.”

வீட்டில் சொல்ல மறந்திருக்கிறார். அல்லது சொல்லியிருப்பார், நான்தான் ‘உம்’ கொட்டிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

பொத்தான். மூன்று பொத்தானையும் நானே என் கையால் கழற்றினேன்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று எழுதாமல் விட்டது. இவரும் அந்த ஆவியை மூச்சில் இழுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே காய்ச்சல். ஆண்கள் பிரிவில் படுக்கை, மூக்கில் பிராணவாயு. ஐந்து நாளாக நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். “இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாதும்மா. மூச்சுக்கு உதவி பண்ணிக்கிட்டுக் காத்திருக்கணும். உங்களைப் பத்திக் கவலை இல்ல. அவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை பக்கவாதம் வந்திருக்கு. ரத்த அழுத்தம் ஏறாமப் பார்த்துக்கறோம்.”

ஏறினால் என்று நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ரிப்போர்ட் கொடுக்கிறவளுக்குத் தெரியாதா, டாக்டர்கள் எந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார்கள் என்று.

முள் புழுவுக்குப் பயந்தேன். கண்ணில் படாத தாடைப் புழுவுக்குப் பயந்தேன். தினமும் காலையில் ‘எவ்வளவு அழகாக விரிஞ்சிருக்கு’ என்று நானே சொன்ன பவளத்தைப் பாத்திரத்தில் போட்டேன். என் புருஷனை நானே கொன்றிருப்பேன். ஜன்னலை வேறு சாத்தினேனே. யாராவது என்னைத் திட்டினால் தேவலை. மகள் தலையைத் தடவுகிறாள். தடவாதேடி.

ஜூன் 21, சனி

இவரைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூக்குக் குழாய் எடுத்துவிட்டார்கள். கண் திறந்திருந்தார். என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

நான் அழுதுவிட்டேன். மன்னிச்சுக்கங்க என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

இவர் இடது கையை நீட்டி என் ஆஸ்பத்திரிச் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்ததைப் போட்டுவிட்டார். ஒற்றைக் கைதானே, நாலு தடவை வழுக்கியது. நான் உதவவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். நான் அடுப்பறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மீன்கடைக்காரர் ஊரிலிருந்து வந்து, விஷயம் தெரிந்து, நேற்றே ஆளோடு வந்து வேலையை முடித்திருக்கிறார். பாத்திரத்தை மூடியோடு அப்படியே கட்டி எடுத்துப் போய்விட்டார். அடுப்பறையை முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு கழுவினார்களாம். ஐந்தாம் பாறையிலும் நாலு பொத்தான் பரவியிருந்ததாம். அதையும் தண்ணீருக்கு உள்ளேயே பெட்டியில் அடைத்து எடுத்துப் போனார். இன்று எங்களைப் பார்க்க வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என் தம்பி ஒழுங்கா விசாரிச்சிருக்கணும்க்கா. எந்தப் பாறை, என்ன பவளம்னு ஒரு கேள்வி கேட்டிருக்கணும்.”

“கழுவத்தான் சொன்னாரு. கொதிக்க வெச்சது நான்.”

புழுக்களைப் பற்றிக் கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது.

“முள்ளோட இளஞ்சிவப்பா இருக்கறதா? அதுங்க பாவம்க்கா. மிச்சம் விழுந்த தீனி, செத்தது, அழுகினது, இதைத்தான் தின்னும். உங்க பெரிய மீனுக்கு ஏழு வயசு ஆச்சு. அதுவா செத்திருக்கும். இந்தப் புழுங்க தின்னு தீர்க்கலைன்னா அழுகி மொத்தத் தண்ணியும் கெட்டுப் போயிருக்கும். கையில மட்டும் முள்ளு குத்தும், அதுக்குக் கையுறை போதும்.”

தாடைப் புழு?

“நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். உங்க தொட்டியில இல்ல. ஒவ்வொரு பாறையா எடுத்துப் பார்த்துட்டேன்.”

இவர் படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் போகும்போது அவர் கையைப் பிடித்து, “மழை” என்றார். நன்றியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

மகள் நேற்று கிளம்பினாள். வீடு பெரிதாகிவிட்டது.

மாலையில் ஆறு நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் பட்டப்பெயரைப் படிப்பேன், இவர் தொட்டியில் விரலால் காட்டுவார். பேச்சு வேண்டாம், விரல் போதும். இது முன்பே தோன்றியிருந்தால்!

‘மாமனார்’ பாறைக்கடியிலேயே கிடக்கும் பெருந்தலை மீன். என் அப்பாவைத்தான் சொல்லியிருக்கிறார், முறைத்தேன். ‘சண்டைக்காரி’ இறால். ‘துரு’ கண்ணாடியில் ஒட்டும் சப்பைப் புழு, கூடினால் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், மருந்து போடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. வெள்ளைச் சுருள் ‘பொரி’. ஒன்றும் செய்யாது.

‘நகராட்சி’ என்று படித்தேன். இவர் எழுந்து, கைத்தடியை ஊன்றி நடந்து, தொட்டியின் வலது கோடிக்குப் போனார். ஏழாம் பாறை இருந்த இடம் காலியாக, வெறும் மணலாக இருந்தது. மணலைக் காட்டினார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மணலுக்குள் இருந்து ஒரு இளஞ்சிவப்பு நூல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

பதினான்கு பேரை நான் கொதிக்க வைத்தேன். மிச்சம் இருந்தது வேலைக்கு வந்துவிட்டது.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. குக்கர் விசில் அடித்தால் வாசலுக்குப் போய்விடுகிறேன். பாத்திரத்தில் ஆவி எழும்பினால் நாக்கில் செப்புச் சுவை வருகிறது. டாக்டரிடம் கேட்டேன். நாக்கில் ஒன்றுமில்லை, நினைப்பில்தான் என்கிறார். மாடி ஏறினால் இரண்டாவது திருப்பத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. இவர் இருமும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எண்ணுகிறேன். மூன்றுக்கு மேல் இருமினால் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

வேலைக்குத் திரும்பினேன். முதல் டப்பாவிலேயே உருளைப்புழு. பெயர் எழுதுமுன் இரண்டு தடவை பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேல்மூடியைத் திறந்துவிட்டேன். நானேதான். இவர் வலது கையில் தோள்பட்டைக்குக் கீழே வரை வரும் மெல்லிய கையுறையை மாட்டினேன். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளக் கால்மணி நேரம் ஆயிற்று. கை தண்ணீருக்குள் போனதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இறால் கையுறையின் மேல் ஏறி நகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைக்கவில்லை. அலுத்துக்கொண்டு போய்விட்டது. இவர் சிரித்தார்.

நாளைக்குக் கையுறை இல்லாமல் விடலாமா? ஒரு வாரம் போகட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு புதுப் புழு.

மூன்றாம் பாறையின் இடுக்கில், தோல் மாதிரி ஒரு சின்னக் குழாய். அதன் வாயில் வெள்ளையும் காவியும் கலந்த இறகு வட்டம். என் கட்டைவிரல் நகம் அளவு. காலையில் தண்ணீர் ஊற்றப் போனபோது கண்ணில் பட்டது.  முதலில் இரண்டு அடி பின்னால் வந்தேன். பிறகு இவரைக் கூப்பிட்டேன்.

இவர் வந்து பார்ப்பதற்குள் என் நிழல் பட்டு அது சட்டென்று உள்ளே போய்விட்டது. குழாய் மட்டும் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் முக்காலியிலும் சோபாக் கைப்பிடியிலும் உட்கார்ந்து அசையாமல் காத்திருந்தோம். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். கடிகாரத்தில் பதினெட்டு நிமிஷம். கொஞ்சம் கொஞ்சமாக இறகு வெளியே வந்து, நின்று, இன்னும் கொஞ்சம் வந்து, முழுசாக விரிந்தது.

“நல்லதா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

இவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று. வாயும் “ஆமா” என்றது. இரண்டும் ஒன்றாக.

பிறகு கண்ணாடியில் விரலை வைத்து, “குடை” என்றார்.

வார்த்தை இடம் மாறி வந்ததா, பெயர்தான் வைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. ஏழாவது நோட்டு வாங்கி வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் இவர் வரைந்த படம் மாதிரியே அடிக்கோல் வைத்துத் தொட்டியை வரைந்து, மூன்றாம் பாறைக்குப் பக்கத்தில் எழுதினேன்: குடை, ஒன்று.